சம்பாத்தியமா, அன்பா? அன்பின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணிச் சகோதர சகோதரிகளே, சபை ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் ஊராரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

‘இல்லத்தைத் தாங்குவது சம்பாத்தியமா, அன்பா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய சகோதரி, “அன்பை வைத்து உலை கொதிக்குமா? வளைகுடாவில் வியர்வை சிந்துகிறவர்களால் அல்லவா நம் குமரி மாவட்டத்தில் இத்தனை மாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன?” என்று கேட்டார். நானும் கைதட்டினேன். அந்த வியர்வை உண்மை. ஆனால் அந்த வெயிலில் அவரை நிற்க வைப்பது எது? தேய்ந்த செருப்போடு நடந்துகொண்டு, மகளுக்குப் பீஸ் அனுப்பச் சொல்வது எது? சகோதரி, அந்தப் பணம் எங்கள் அணியின் சாட்சி.

சரி, சம்பாதிக்கிற கையே போய்விட்டால்? 2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கரை நெடுக அழுகுரல். யாராவது வந்து தேடட்டும் என்று உட்கார்ந்திராமல், அந்த ஊர்க்காரர்களே படகெடுத்து ஆழ்கடலுக்குப் போனார்கள். எந்தச் சம்பளத்துக்கு? சம்பாத்தியம்தான் தூண் என்றால், ஆண்மகன் திரும்பாத அந்த வீடுகள் அன்றே சரிந்திருக்க வேண்டுமே! கண்ணீரோடு அடுப்பு மூட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய அம்மாக்களிடம் போய்ச் சொல்லுங்கள், உங்கள் வாதத்தை.

நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை அரண்மனை உத்தியோகஸ்தர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு அதே விசுவாசத்துக்குள் வந்தார். உத்தியோகம் போயிற்று, சிறை வந்தது, 1752-இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த அம்மாள் விசுவாசத்தை விடவில்லை.

பகையோடு தின்னும் கொழுத்த கறியைவிடச் சிநேகத்தோடு தின்னும் இலைக்கறி நல்லது என்கிறது நீதிமொழிகள். அதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது. ரப்பர் தோட்டத்தில் எங்கள் பங்கை விற்ற பணம் பீரோவில் இருந்தது. அதை என்ன செய்வது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. மூன்று நாள் பேச்சே இல்லை. ஆனாலும் ராத்திரி குடும்ப ஜெபம் மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா பரமண்டல ஜெபத்தை முன்னின்று சொல்லிக்கொண்டு வந்தார். “நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா தலை குனிந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மீதியை அம்மாதான் மெல்ல எடுத்துச் சொன்னார். அப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டார்.

அன்று சாளைக் குழம்பு. சாளை விலை குறைந்த மீன்தான், ஆனால் சினை வைத்த காலத்தில் அதற்கு ஈடு கிடையாது. அம்மா சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, ஒரு சினையைத் தேடி எடுத்து அப்பா தட்டில் வைத்தார். அப்பா அதைப் பாதியாகப் பிய்த்து அம்மா தட்டில் வைத்தார்.

பீரோவை அன்று யாரும் திறக்கவில்லை, நடுவர் அவர்களே. நன்றி.