செல்லோவின் குரல் மண்டபத்தில் தொலையாமல் இருக்க

(மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, இசை ஆசிரியர்களே, பிள்ளைகளை வாத்தியம் பழக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

செல்லோவும் (உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம்) பியானோவும் சேர்ந்து வாசிக்கும் பிற்பகல் கச்சேரி ஒன்றை நம் பட்டணத்தில் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். இந்த வகை இசை முதலில் வளர்ந்ததே மாளிகைகளிலும் வீடுகளின் வரவேற்பறைகளிலும்தான். இருநூறு நாற்காலி போடக்கூடிய மண்டபம் அதற்குப் போதும். ஆனால் இரண்டு வாத்தியங்களில் எளிதில் அமுங்கிப் போவது செல்லோ. பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன; செல்லோவில் நான்கே தந்தி. நீங்கள் எடுக்கும் எல்லா முடிவுகளும் அந்த நான்கு தந்தியின் பக்கம் நிற்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் நேரம். ஐந்து மணிக்கு வைத்தால் கூட்டம் சேரும் என்பார்கள். நான் அதற்கு ஒப்பமாட்டேன். இங்கே இடிமழை பெரும்பாலும் மாலைப் பக்கம்தான் வரும்; ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டால் மெல்லிய வாசிப்பு முதல் வரிசைக்குக்கூட எட்டாது. 2.30க்குத் தொடங்கி 4 மணிக்குள் முடியுங்கள். பள்ளிவாசலின் லோஹோர் (நண்பகல்) பாங்கு அதற்குள் முடிந்திருக்கும், அசார் (பிற்பகல்) பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கும்.

இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன வாசிக்கலாம்? முதல் பாதியில் பேத்தோவனின் ஏ மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு), ஓபஸ் 69 (அவருடைய படைப்பின் வரிசை எண்). 1808இல் முடித்த படைப்பு, சுமார் 25 நிமிடம். அது செல்லோ தனியாகப் பேசுவதில் தொடங்குகிறது. பியானோ காத்திருந்துதான் உள்ளே வருகிறது. செல்லோவையே கேட்டிராத சபைக்கு இதைவிடத் தெளிவான அறிமுகம் இல்லை. பதினைந்து நிமிட இடைவேளைக்குப் பிறகு ஃபோரேயின் எலெஜி (சோக இசை) ஏழு நிமிடம், 1915இல் டெபுஸ்ஸி எழுதிய சொனாட்டா பன்னிரண்டு நிமிடம், கடைசியில் சென் சான்ஸின் ‘அன்னம்’ மூன்று நிமிடம். பிராம்ஸின் ஈ மைனர் சொனாட்டா எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் முதல் கச்சேரிக்கு அது வேண்டாம். அதில் செல்லோ பெரும்பாலும் தாழ்ந்த ஸ்தாயியில் நடக்கிறது. பியானோவின் இடது கையும் அதே இடத்தில் அடர்த்தியாக வாசிப்பதால், எதிரொலிக்கும் சிமெண்டு மண்டபத்தில் இரண்டும் குழம்பிவிடும்.

இனி மரத்துக்கு வருவோம். செல்லோவின் மேற்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகை மேப்பிள். உடலைப் பிடித்து நிறுத்துவது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய பசை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பசை இளகும். அதனால் செல்லோவை வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடம்கூட விடாதீர்கள். ஓரத்தில் ஒட்டு விட்டுப்போனால் வாசிக்கும்போது ஒரு கரகரப்பு கேட்கும். விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், விட்ட இடத்தில் சத்தம் மாறும். அப்போது கடையில் விற்கும் வெள்ளைப் பசையை எடுத்து ஒட்டாதீர்கள். பலகை வெடிப்பதற்குமுன் ஒட்டு திறந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் அந்த இடத்தில் பலவீனமான பசையை வைக்கிறார்கள். செயற்கைப் பசை போட்டால் அடுத்த முறை பலகையே பிளக்கும்.

வாத்தியத்துக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதம். நம் ஊர்க் காற்றில் 80ஐ ஒட்டி இருக்கும். தந்தியை முறுக்கும் பிரடை ஈரத்தில் ஊதி இறுகிக்கொள்ளும். குளிர்சாதன அறைக்குள் போனதும் சுருங்கி நழுவும். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையை யாரும் ஒட்டுவதில்லை. உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சிக்கும் பசை கிடையாது. இரண்டும் தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. நான்கு பிரடையும் ஒரே நேரத்தில் நழுவினால் குதிரை சாயும், அந்தக் குச்சியும் விழக்கூடும். சபை வந்து உட்கார்ந்த பிறகு குளிர்சாதனத்தைப் போடும் வழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம். காலையிலேயே போட்டு, கச்சேரி முடியும்வரை ஒரே அளவில் ஓட விடுங்கள். செல்லோ குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாக மண்டபத்துக்குள் வந்து, உறை திறந்து, அந்தக் காற்றுக்குப் பழகட்டும். குளிர்சாதனம் இல்லாத மண்டபமா? கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மேடைக்கு மேலே சுற்றும் காற்றாடியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது இசைத்தாளைப் பறக்கவிடும். நீண்டு நிற்கும் ஸ்வரத்தையும் அதன் இறக்கைகள் நடுங்க வைக்கும்.

பியானோ நிமிர்ந்த வகையாக இருந்தாலும் குறையில்லை. சுருதி சேர்க்காத கிராண்ட் பியானோவைவிடச் சுருதி சேர்த்த நிமிர்ந்த பியானோ எவ்வளவோ மேல். ஆனால் லாரியில் வந்து இறங்கிய அன்றே சுருதி சேர்த்தால் நிற்காது. இடம் மாறியதும் ஒலிப்பலகை புதிய காற்றின் ஈரத்துக்கேற்ப ஊதும் அல்லது சுருங்கும், நடு ஸ்தாயியின் சுருதி மாறும். இரண்டு வாரம் முன்னதாகவே கொண்டுவந்து வைத்துவிட்டு, கச்சேரியன்று காலையில் ஈப்போவிலிருந்து ஆளைக் கூப்பிட்டு ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். நிமிர்ந்த பியானோவின் ஒலி முதுகுப் பக்கம்தான் அதிகம் வெளியேறும். பின்னால் கனமான துணி ஒன்றைத் தொங்கவிட்டால் அதன் ஓசை அடங்கும்.

சுருதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பூராவுக்குப் பழகிய நம் காதுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும். செல்லோவின் தந்திகள் உயர்ந்த சுருதியிலிருந்து இறங்கு வரிசையில் ஏ, டி, ஜி, சி. பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் சட்ஜ பஞ்சம உறவில் இருக்கின்றன. பியானோ ஏ கொடுக்கிறது. செல்லோ அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 220 ஹெர்ட்ஸில் முதல் தந்தியைச் சேர்க்கிறது. அங்கிருந்து சுத்தமான பஞ்சமமாக மூன்று படி இறங்கினால் சி தந்தி 65.19 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். பியானோவின் சி 65.41. சம இடைவெளியில் பகுத்த பியானோவில் பஞ்சமம் கொஞ்சம் குறுகியது. மூன்று படியில் அந்தக் குறை சேர்ந்துவிடுகிறது. வித்தியாசம் அரை ஸ்வரத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான். ஆனாலும் இருவரும் சேர்ந்து சி பிடிக்கும் இடத்தில் மேல் ஒலிகள் அலையடிக்கும். ஆகவே பஞ்சமத்தை ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை குறுக்கிச் சேர்த்துவிட்டு, சி தந்தியைப் பியானோவின் சி உடன் நேரடியாக ஒத்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் பலர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை.

செல்லோவில் ஈ முதல் எஃப் ஷார்ப் வரை உள்ள பகுதியில் ஏதாவது ஒரு ஸ்வரம் உறுமித் திக்கும். அதற்கு ஓநாய் ஸ்வரம் என்று பெயர். பெட்டியின் சொந்த அதிர்வும் தந்தியின் அதிர்வும் மோதுவதால் வருவது அது. வாசிப்பவரின் பிழை அன்று. குதிரைக்குக் கீழே ஜி அல்லது சி தந்தியில் ஒரு சின்னப் பித்தளைக் குழாயை மாட்டி, ஸ்வரம் அடங்கும் இடம்வரை மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு முழங்காலால் பெட்டியை அழுத்திக்கொள்ளலாம்.

மேடையில் செல்லோ பியானோக்காரரின் வலப்பக்கம், சற்று முன்னால் இருக்கட்டும். வில் கிளம்புவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாற்காலிக்குக் கைப்பிடி கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்னால் சரியும், அதில் செல்லோ நிற்காது. தட்டையான மர நாற்காலி தேடுங்கள். செல்லோவைத் தரையில் தாங்கும் கீழ் இரும்பு முனை மொசைக் தரையில் வழுக்கும். நாற்காலியின் முன்காலில் வார் கட்டிப் பிடிக்கலாம். அதைவிட, 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை அடியில் கட்டை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்திப் போட்டு, நாற்காலியையும் அதன்மேலேயே வையுங்கள். முனையின் அதிர்வு பலகைக்கு இறங்கித் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு உடல் கிடைக்கும். சிமெண்டுத் தரை அதைத் தராது. பியானோவின் முதுகுத் துணி தவிர, மேடையின் பின்திரையை முழுக்க ஒதுக்கிவிடுங்கள், துணி ஒலியைக் குடித்துவிடும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

தாள் புரட்டுபவர் பியானோக்காரரின் இடப்பக்கம் உட்கார்ந்து, எழுந்து, இடக்கையால் மேல் மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒத்திகையிலேயே அவரும் இருக்கட்டும். ஓபஸ் 69இன் ஸ்கெர்ட்சோ என்ற வேகமான பகுதியில் தாளம் தப்பி விழுவது போன்ற இணைப்புகள் வரும். அதில் தடுமாறினால் தவறான இடத்தில் புரட்டிவிடுவார்.

சபைக்கு ஒரே அறிவிப்பு போதும்: சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவே கைதட்ட வேண்டாம், கலைஞர் எழுந்து நின்றதும் தட்டுங்கள். ஓபஸ் 69இல் மெதுவான பகுதி 18 பார் (தாளக் கட்டம்) தான். மூச்சுவிடாமல் அதிலிருந்தே கடைசிப் பகுதி கிளம்பிவிடும். நடுவில் கைதட்டினால் அந்தத் திருப்பம் கெட்டுப்போகும்.

முடிந்ததும் வில்லின் முடியைத் தளர்த்திவிடச் சொல்லுங்கள். இறுக்கமாகவே விட்டால், குளிர் அறையில் முடி சுருங்கும்போது வில் வளையும். தந்தியிலும் மேற்பலகையிலும் படிந்த ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்) தூளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். நம் வெக்கையில் அது ஓரிரு நாளில் பிசினாகி வார்னிஷோடு ஒட்டிக்கொள்ளும். செல்லோ உறைக்குள் போன பிறகு குளிர்சாதனத்தை நிறுத்துங்கள்.