தோட்டத்து மண்ணும் நாயின் மூக்கும்

நேயர்களுக்கு வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் பிடித்த இரண்டு மூன்று வாரங்களில், குமுளி, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் குடும்பத்தினர் தங்கள் நாய்களைக் கால்நடை மருத்துவரான என்னிடம் அழைத்து வருவார்கள். “முடி வட்டவட்டமாக உதிர்கிறது, ஐயா, சொறியாக இருக்குமோ?” என்பதே அவர்களின் கேள்வி. பல வேளைகளில் அது சொறியன்று, பூஞ்சையால் வரும் படர்தாமரை.

வெளியிலிருந்து நாய்க்குத் தொற்றும் பூஞ்சைகள் பல. மட்கும் வைக்கோலிலும் குப்பையுரத்திலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை, சிப்பிப்பாறை போன்ற நீள்மூக்கு நாய்களின் மூக்கினுள் குடியேறக்கூடும். ஒரு நாசியில் மட்டும் சளியோ இரத்தமோ வடிந்தால், உண்ணிக்காய்ச்சலோடு இதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஆயினும் நான் அதிகம் காண்பது படர்தாமரையே.

இதை உண்டாக்கும் பூஞ்சைகளில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் விலங்கிலிருந்து விலங்குக்குப் பரவுவது. மைக்ரோஸ்போரம் ஜிப்சியமோ மண்ணிலேயே வாழ்வது. எலி வளையைக் கண்டால் மூக்கை நுழைத்துத் தோண்டும் நாய்க்கு, மூக்குத்தண்டிலும் முன்னங்கால்களிலும்தான் அது முதலில் தலைகாட்டும்.

கூடலூரிலிருந்து வந்த ஒரு செவலைக் கோம்பை நாயை என்னால் மறக்க இயலவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவியதும் சிவப்பு நான்கே நாளில் அடங்கியிருக்கிறது. ஆனால் தோலின் எதிர்ப்பாற்றல் குன்றியதால் பூஞ்சை ஆழமாக இறங்கி, மூக்கின் மேல் சீழ்க்கட்டியாகத் திரண்டிருந்தது. கயிற்றைப் பிடித்து நின்ற சிறுவனின் முன்கையிலும் அதே வட்டம்! மனம் பதைத்துப்போனேன், அவனை அன்றே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

வட்டத்தின் ஓரத்து முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தால், முடித்தண்டைச் சுற்றி மணிமணியாக வித்துகள் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். புறஊதா விளக்கில் முடி ஒளிரவில்லை என்பதால் நோயில்லை என்று முடிவு கட்டாதீர்கள்; கேனிஸ் வகைகூட எப்போதும் ஒளிர்வதில்லை, ஜிப்சியம் பெரும்பாலும் ஒளிராது. பூஞ்சையைக் கொல்லும் இட்ராகோனசோல் மாத்திரையைப் பல வாரங்கள் தர வேண்டியிருக்கும். முடி முளைத்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சினையாக உள்ள நாய்க்கு கிரிசியோஃபல்வின் என்னும் மற்றொரு பூஞ்சை மருந்தைக் கொடுக்கவே கூடாது, குட்டிகள் ஊனமாகப் பிறக்கக்கூடும்.

நாய் படுத்த சாக்கைத் துவைத்து மீண்டும் விரிக்காமல் எரித்துவிடுங்கள். உதிர்ந்த முடியில் ஒட்டிய கேனிஸ் வித்துகள் 18 மாதங்கள் வரைகூட உயிரோடிருக்கும். குணமான நாய் அதே சாக்கில் படுத்தால் அடுத்த சாரலுக்கு முன்பே அந்த வட்டம் திரும்பிவிடும். வணக்கம்.