கொன்கியூப்பிசன்ஸ் என்றால் வெறும் காமம்தானா?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு இரணைமடுக் குளக்கட்டில் இருந்து கதைக்கிறேன். ஏ.எல்.லுக்குக் கிறிஸ்தவம் எடுக்கும் தங்கச்சி ஒருவர், ‘கொன்கியூப்பிசன்ஸ் (concupiscence) என்ற இங்கிலிஷ் சொல்லுக்கு என்ன அர்த்தம் அண்ணா?’ என்று கேட்டிருந்தார். அகராதியைத் திறந்தால் காமம், சிற்றின்ப வேட்கை என்று கிடக்கும். வீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும், பாவம்.

வேர் லத்தீன். ‘குப்பெரே’ என்றால் விரும்புதல். காதல் தெய்வம் கியூப்பிட்டின் பெயரும், பணத்தாசையைச் சொல்லும் ‘கியூப்பிடிட்டி’யும் அதே குடும்பம்தான். முன்னால் நிற்கும் ‘கொன்’ ஆசையின் கடுமையைக் கூட்டுகிறது. எனக்குப் பிடித்தது நடுவில் வரும் ‘ஸ்க்’ (sc). லத்தீன் வினையில் அது சேர்ந்தால், செயல் தொடங்குகிறது என்று பொருள். வளரத் தொடங்கும் பருவம் அடொலெசன்ஸ், நோயிலிருந்து தேறி வருவது கொன்வலெசன்ஸ். அப்படியென்றால் இது ஆசை மூண்டு எழும் நேரம். அடுப்பில் பால் பொங்க வெளிக்கிடுகிறதே, அதுமாதிரி.

உடலாசை மட்டும்தானா? இல்லை. யோவானின் முதல் கடிதத்தில் ‘மாம்சத்தின் இச்சையும், கண்களின் இச்சையும்’ என்று பழைய தமிழ் வேதாகமத்தில் படிக்கிறோமே, லத்தீனில் இரண்டு இச்சைக்கும் இதே சொல்தான். பாலுறவு வாடை தூக்கலாக ஏறியதில் கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகுஸ்தீனாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் காலம் 354 முதல் 430 வரை.

தங்கச்சி, பரீட்சைக்கு இதைக் கட்டாயம் எழுதுங்கோ: 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம், திருமுழுக்குக்குப் பிறகும் இந்த இச்சை மனிதரில் மிஞ்சியிருக்கும், ஆனால் அதுவே பாவம் ஆகாது, பாவத்தின் பக்கம் சாய்க்கும் என்றது. கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர் லூதரின் தரப்போ அதையே பாவம் என்றது. மடுத் திருவிழாவில் ஒன்றாக நிற்கிற சனத்தில் எத்தனை பேருக்கு இந்தச் சண்டை தெரியுமோ!

வள்ளுவர் ‘அவா அறுத்தல்’ என்று ஒரு அதிகாரம் வைத்தார். காமத்துக்கோ 25 அதிகாரம் வைத்துக் கொண்டாடினார். லத்தீன்காரர் அவாவையும் காமத்தையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டார்கள். அதனால் ‘காமம்’ என்று எழுதினால் பாதிதான் வரும். ‘இச்சை’ என்று போட்ட பழைய மொழிபெயர்ப்பாளர்கள் கெட்டிக்காரர்.

ஆங்கிலத்துக்குள் இது 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இன்று சமயப் பேச்சுக்கு வெளியே யாராவது சொன்னால், பெரும்பாலும் பகிடிக்குத்தான். சாதாரண இங்கிலிஷ் கட்டுரையில் பெருமைக்காக இதைச் செருக வேண்டாம், ‘டிசயர்’ போதும். சொல்லும்போது அழுத்தம் ‘கியூ’வில் விழ வேண்டும், சரியா?