மூலையில் கிடக்கும் பழைய கணினி, டிவியோடு சேரும் மீடியா பிளேயர்

[திரையில்: தூசி படிந்த மேசைக்கணினியின் பக்கத் தகடு கழற்றப்படுகிறது]

வணக்கம். அன்றாட வேலைக்கு இனி உதவாது என்று நாம் ஒதுக்கி வைத்த கணினி, டிவிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். வன்தட்டிலும் பென் டிரைவிலும் டிவிடிகளிலுமாகச் சிதறிக் கிடக்கும் படங்களையும் பாடல்களையும் குடும்ப வீடியோக்களையும் ஒரே இடத்தில் திரட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ரிமோட்டால் இயக்கும் மீடியா பிளேயராக அதை மாற்றும் வழியை இந்த வீடியோவில் பார்ப்போம்.

"என் கணினிக்குப் பத்து வயதாகிவிட்டதே, வேகம் போதுமா?" என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கணினியின் கிராஃபிக்ஸ் சிப், எந்தெந்த வகை வீடியோவைத் தானே விரித்துக் காட்டும் என்பதே அது.

வீடியோ கோப்பு என்பது மிகவும் இறுக்கமாகச் சுருக்கி வைக்கப்பட்ட படங்களின் வரிசை. திரைப்படம் என்றால், ஒவ்வொரு நொடியும் 24 படங்களை விரித்துத் திரையில் வைக்க வேண்டும். இந்த வேலையைக் கணினியின் மூளையான சிபியு தன் முழுப் பலத்தையும் செலவழித்துச் செய்யலாம். அல்லது கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இதற்கென்றே அமைந்த ஒரு சிறு சுற்று அலட்டிக்கொள்ளாமல் செய்து முடிக்கலாம். ஆனால் அந்தச் சுற்றுக்குத் தான் உருவான காலத்தில் வழக்கில் இருந்த சுருக்க முறைகள் மட்டுமே தெரியும். எச்.264 என்ற முறை 2003இலும், எச்இவிசி எனப்படும் எச்.265 2013இலும், ஏவி1 2018இலும் வந்தன. 2011இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் சிப்புகள் எச்.264 வீடியோவை எளிதாகக் கையாளும்; எச்இவிசி அவற்றுக்குத் தெரியாது. 2015இல் வந்த ஸ்கைலேக் 8 பிட் எச்இவிசியைக் காட்டும். 4கே எனும் மிகத் தெளிவான படங்களில் பரவலாக உள்ள, நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்இவிசிக்கு அடுத்து வந்த கேபி லேக் தலைமுறையாவது வேண்டும். ஏவி1 என்றால் 2020இன் டைகர் லேக் வரை வர வேண்டும்.

ஆகவே 2012ஆம் ஆண்டுக் கணினி ஒன்று உங்களிடம் இருந்தால், 1080பி (முழு எச்டி) எச்.264 படங்கள் சிக்கலின்றி ஓடும். 4கே எச்இவிசி படமோ விட்டுவிட்டு நகர, ஒலி மட்டும் முன்னே ஓடிவிடும். இதற்காகக் கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி 1080பிக்குள் இருக்கிறதென்றால் அந்தக் கணினியே தாராளமாகப் போதும். பழைய குடும்ப வீடியோக்களும் டிவிடிகளும் எந்தக் கணினிக்கும் பாரமில்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நாம் அமைக்கப்போவது சொந்தச் சேகரிப்புக்கான பிளேயர். கட்டண ஸ்ட்ரீமிங் சேவைகள் பலவும், உரிமைப் பாதுகாப்பை முன்னிட்டு, நாம் பின்னால் நிறுவப்போகும் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) உள்ள கணினியில் படத்தின் தரத்தைக் குறைத்தே அனுப்புகின்றன. அவற்றுக்கு டிவியில் உள்ள செயலியே மேல்.

[திரையில்: ஹீட்சிங்க்கின் மேலிருந்து விசிறி கழற்றப்படுகிறது]

இனி கணினியைத் திறப்போம். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே திறக்க வேண்டும். சிபியு விசிறியைக் கழற்றினால், அதன் கீழே, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் படிந்திருக்கும் தூசியைப் பாருங்கள். இந்தக் கணினியில் அதை விரலால் பிடித்து ஒரே துண்டாக உரித்தெடுக்க முடிந்தது. காற்று புக வழியில்லாததால்தான் விசிறி அலறிக்கொண்டிருந்தது; கணினி மெதுவாகிவிட்டது என்று நாம் நினைத்ததற்கும் பாதிக் காரணம் இந்தச் சூடுதான். மென்மையான தூரிகையால் தட்டி எடுத்து, ஹீட்சிங்க்கையும் கழற்றி, அதற்கும் சிபியுவுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால், விசிறியின் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். படத்தின் அமைதியான காட்சியில் விசிறிச் சத்தம் கேட்டால் முழு முயற்சியும் வீண் என்பதால், இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம்.

மடிக்கணினியாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். அது உப்பியிருந்தால் அந்தக் கணினியை அதற்குமேல் பயன்படுத்தக் கூடாது. அழுத்தவோ துளைக்கவோ செய்யாமல் பேட்டரியைக் கழற்றி, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும்.

டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ கம்பியே சரியான வழி, ஏனெனில் படமும் ஒலியும் ஒன்றாகச் செல்லும். விஜிஏ கம்பியில் ஒலி செல்லாது. முதன்முறை இதைச் செய்தபோது விஜிஏ வழியாகப் படத்தை வரவழைத்துவிட்டு, ஒலிக்காக ஒரு மாலை முழுவதும் மென்பொருள் அமைப்புகளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். வேண்டியிருந்ததெல்லாம் தனியாக ஓர் ஆடியோ கம்பிதான். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், அது கணினியின் குறையல்ல. டிவியின் பட அளவு அமைப்பில், படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்தினால் சரியாகிவிடும்.

[திரையில்: பென் டிரைவிலிருந்து கணினி தொடங்குகிறது]

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் இருக்கும் கணினியில் கோடி என்ற இலவச மென்பொருளை நிறுவினாலே பிளேயர் தயார். 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கான மீடியா பிளேயராகத் தொடங்கி, 2014இல் கோடி என்ற பெயரைப் பெற்ற திறந்த மூல மென்பொருள் இது. ஆனால் பழைய கணினிக்கு நான் பரிந்துரைப்பது லிப்ரெஎலெக். கோடியை இயக்கத் தேவையானவற்றை மட்டும் வைத்துக் கட்டிய லினக்ஸ் இது. கணினியை இயக்கினால் நேராகக் கோடியின் முகப்புக்கே வந்து நிற்கும். 64 பிட் சிபியுவும் 2 ஜிபி ராமும் இருந்தால் போதும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பதிவிறக்கும்போது இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளவர்கள் ஜெனரிக் பதிப்பையும், என்விடியா அட்டை உள்ளவர்கள் ஜெனரிக் லெகஸி பதிப்பையும் எடுக்க வேண்டும். அதைப் பென் டிரைவில் எழுதி, கணினி எழும்போது எஃப்12, எஃப்2, டெலீட் போன்ற விசைகளில் அதற்குரியதை அழுத்தி, யூஎஸ்பியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நிறுவல் அந்த வன்தட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். அதில் உள்ள புகைப்படங்களை வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகலை ஒருமுறை திறந்தும் பார்த்த பிறகே சம்மதம் கொடுங்கள்.

நிறுவியதும் ஒரு படத்தை ஓடவிட்டு, விசைப்பலகையில் ஓ என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். திரையின் மேல் ஒரு தகவல் பட்டை விரியும். அதில் வீடியோ டிகோடர் என்ற வரியின் முடிவில் எச்டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள் அடைப்புக்குறிக்குள் இருந்தால், முன்பு சொன்ன அந்தச் சிறு சுற்று வேலை செய்கிறது என்று பொருள். எஸ்டபிள்யூ என்றிருந்தால் பாரம் முழுவதும் சிபியுவின் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் சேகரிப்பில் வகைக்கு ஒரு கோப்பாக எடுத்து இப்படிச் சோதித்துவிட்டால், இந்தக் கணினியால் எது முடியும், எது முடியாது என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இருக்காது.

வன்பொருள் சரியாக இருந்தும், கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் லேசாக நடுங்குவது போலத் தோன்றலாம். நொடிக்கு 24 படங்கள் கொண்ட திரைப்படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் காட்டும்போது, ஒரு படம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறி நிற்பதே இதற்குக் காரணம். கோடியின் பிளேயர் அமைப்பில், படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் வசதியை இயக்கிவிடுங்கள். டிவி 24க்கு ஒத்துழைத்தால் நடுக்கம் மறைந்துவிடும். பலரும் கவனிக்காமல் விடும் இந்த ஓர் அமைப்பு, படத்தின் தரத்தையே உயர்த்திக் காட்டும்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் சற்றுப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு படத்தையும் தனிக் கோப்புறையில் வைத்து, படத்தின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டையும் எழுதினால், கோடி இணையத்திலிருந்து சுவரொட்டியையும் கதைச் சுருக்கத்தையும் தானே கொண்டுவந்து வைக்கும். சப்டைட்டில் கோப்புக்கும் வீடியோவின் அதே பெயரை இட வேண்டும். தமிழ் சப்டைட்டிலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்திருக்க வேண்டும். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் அமைத்த வட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதால், அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படங்கள் வேறு கணினியில் இருந்தால் நெட்வொர்க் கம்பியே நல்லது. ப்ளூ-ரே வீடியோ உச்சத்தில் நொடிக்கு 40 மெகாபிட் வரை கேட்கும்; பழைய 100 மெகாபிட் கம்பி அதைச் சுமந்துவிடும், பழைய வைஃபை திணறும்.

மின்செலவையும் பார்த்துவிடுவோம். 60 வாட் எடுக்கும் கணினியை இரவும் பகலும் ஓடவிட்டால் 30 நாளில் 43.2 யூனிட் ஆகும். நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் ஓடினால் 5.4 யூனிட்தான். பார்த்து முடித்ததும் கணினியை அணைத்துவிடும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

[திரையில்: மேசையில் ஒரு ரிமோட்]

கணினிகளின் எச்டிஎம்ஐயில் பொதுவாக சிஇசி (டிவி ரிமோட்டின் கட்டளைகளை எச்டிஎம்ஐ கம்பி வழியே அனுப்பும்) வசதி இல்லாததால் டிவி ரிமோட் அப்படியே வேலை செய்யாது. கோடியின் அமைப்புகளில் ரிமோட் கட்டுப்பாட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, கோர் என்ற செயலியை ஆண்ட்ராய்டு தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் கையில் பிடிக்க ஓர் உண்மையான ரிமோட் வேண்டும் என்பேன். ஃபிளிர்க் போன்ற யூஎஸ்பி அகச்சிவப்பு ஏற்பி, எந்தப் பழைய ரிமோட்டின் பொத்தான்களையும் கற்றுக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் அந்த ரிமோட்டை வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்து, அவருக்குப் பிடித்த படம் ஒன்றை எடுத்துப் போடச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து, குறுக்கே பேசாமல் கவனியுங்கள். எந்தப் பொத்தானில் அவர் விரல் தயங்குகிறதோ, எந்தப் பட்டியலில் வழி தெரியாமல் நிற்கிறாரோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வானிலை, வானொலி என்று தேவையில்லாமல் முகப்பில் நிற்கும் பகுதிகளைத் தோற்ற அமைப்பில் மறைத்துவிட்டு, மறுநாள் அதே ரிமோட்டை மீண்டும் அவரிடம் கொடுங்கள்.