வடுவே! நான்டக்கெட் தீவின் கணக்கு

நடுவர் அவர்களே, வணக்கம். 'நான்டக்கெட் தீவுக்குத் திமிங்கில வேட்டை தந்தது வாழ்வா, வடுவா?' என்பது தலைப்பு. அந்தத் தீவின் எண்ணெயில்தான் லண்டன் தெருவிளக்குகள் எரிந்தன என்று எதிரணித் தலைவர் பெருமையாகச் சொன்னார். எரிந்தது உண்மைதான். விளக்குக்கு அடியில் என்ன இருந்தது என்று நான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே உள்ள அந்தத் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது 1659-ல். அதற்கு முன்பே அது வாம்பனோவாக் மக்களின் மண். வேட்டைப் படகில் துடுப்புப் போட ஆள் வேண்டும். என்ன செய்தார்கள்? அந்த மண்ணின் மக்களுக்குக் கடையில் கடன் கொடுத்தார்கள். அப்புறம், கடனைக் கழிக்கப் படகில் ஏறு என்றார்கள். கிடைத்த எண்ணெயில் அவனுக்கும் பங்கு உண்டு ஐயா, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பங்கு அவன் கைக்கு வருமுன் கடைக்காரர் பேரேட்டில் வரவாகிவிடும். 1763-64 கொள்ளைநோயில் மிச்சமிருந்த 358 பேரில் 222 பேர் மாண்டார்கள். நோயைத் திமிங்கிலமா கொண்டுவந்தது என்று எதிரணி கேட்கும். சரி, அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பேரேடு போதும்.

ஆண்கள் கடலில் இருந்ததால் பெண்கள் கடை நடத்தினார்கள், தலைநிமிர்ந்தார்கள் என்றார் சகோதரி. மரியா மிட்செல் 1847-ல் வால்நட்சத்திரம் கண்டுபிடித்த ஊர், யார் மறுப்பார்? ஆனால் கப்பல் ஏறியவன் திரும்ப மூன்று, நான்கு வருடம். வீட்டுக்காரர் இல்லாமல் ஒருத்தி வரவுசெலவு பார்க்கக் கற்றுக்கொண்டால், பாராட்டு அவளுக்கா, அவரைக் கொண்டுபோன கப்பலுக்கா?

அப்சலோம் பாஸ்டனையும் சொன்னார்கள். 1822-ல் கறுப்பின மாலுமிகளை மட்டும் வைத்து 'இண்டஸ்ட்ரி' கப்பலைச் செலுத்திய கறுப்பினக் கேப்டன். எனக்கும் அவர்மேல் மதிப்புண்டு. கடலில் கேப்டன், கரையில்? 1845-ல் அவர் மகளை ஊர் உயர்நிலைப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா வழக்குப் போட வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பணத்தில் செழித்த ஊர் ஐயா அது!

ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு என்ன ஆகும்? 1846-ல் ஒரு தொப்பிக் கடையில் பிடித்த தீ, துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளுக்குப் பரவி, ஊரில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. துறைமுக வாயிலில் மணல்திட்டு. பெரிய கப்பல்களெல்லாம் ஆழமான நியூ பெட்ஃபோர்டுக்குப் போய்விட்டன. 1849-ல் இளைஞர்கள் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்கு ஓடினார்கள். 1859-ல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியம் கிடைத்தது. மண்ணெண்ணெய் வந்த பிறகு திமிங்கில எண்ணெயை யார் தேடுவார்? 1840-ல் ஏறத்தாழ 9,000 பேர் இருந்த தீவில் 1870-ல் 4,000 சொச்சம் பேர்.

மணி அடிக்கிறார்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே. அங்கிருந்து கடைசியாக வேட்டைக்குக் கிளம்பிய கப்பலின் பெயர் 'ஓக்'. ஆண்டு 1869. அது ஊர் திரும்பவே இல்லை.