தூக்குமேடையும் ஒரு கையெழுத்தும்

அவையோருக்கு வணக்கம்.

பெரிய கொலை ஒன்று நடந்தால் போதும், மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவா என்ற குரல் இலங்கையில் எழும்பிவிடும். கோரிக்கையே கொஞ்சம் பிழை. அந்தத் தண்டனை சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது, நீதிபதிகள் இன்றும் விதிக்கிறார்கள். 1976 ஜூன் 23-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, அவ்வளவுதான்.

உண்மையாகவே அது போய்த் திரும்பியது ஒரு தடவைதான்.

1956-இல் பிரதமராக ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தூக்கை நிறுத்தினார். 1958-இல் அதற்குச் சட்டமும் வந்தது. அவர் பெயரைக் கேட்டால் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம்தான் நமக்கு நினைவுக்கு வரும், அதில் தப்பில்லை. ஆனால் இதைச் செய்தவரும் அவரே. 1959 செப்டம்பர் 25 காலை, கொழும்பில் அவருடைய வீட்டு விறாந்தைக்குக் காவியுடையில் வந்திருந்த பௌத்த பிக்கு தல்துவே சோமாராமவை அவர் குனிந்து வணங்கினார். காவிக்குள் கைத்துப்பாக்கி இருந்தது. குண்டு பட்ட பிறகும், சுட்டவர்மீது கருணை காட்டுங்கள், பழிவாங்க வேண்டாம் என்று நாட்டுக்குச் செய்தி விடுத்தார். மறுநாள் இறந்துபோனார்.

யார் கேட்டார்கள்? ஆண்டு முடிவதற்குள், அவருக்குப் பின் பிரதமரான தகநாயக்கவின் அரசு தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தது, அதுவும் ஏற்கெனவே நடந்துவிட்ட கொலைக்கும் செல்லுபடியாகும் விதத்தில். அந்த அவசரத்தில் ‘கொலை’ என்று எழுதியவர்கள் ‘கொலைச் சதி’ என்பதை விட்டுவிட்டார்கள். சதியின் சூத்திரதாரி புத்தரக்கித தேரரும் அவருடைய கூட்டாளி ஜயவர்தனவும் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையோடு தப்பினார்கள். சோமாராமவை 1962 ஜூலை 6 அன்று தூக்கிலிட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதைச் சட்டமாகவே எழுதி வைத்த மாதிரி. கோபத்தில் சட்டம் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்பது என் வாதம்.

1976-க்குப் பிறகு எல்லாமே தூக்கு ஆணையில் ஜனாதிபதி போடவேண்டிய கையெழுத்தில் தொங்கியது. 2004-இல் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டபோது தூக்கு திரும்புகிறது என்று அறிவித்தார்கள். திரும்பவில்லை. தூக்கிலிடும் அலுகோசு வேலைக்கே ஆள் நிற்கவில்லை. 2014-இல் சேர்ந்த ஒருவர் தூக்குமேடையைப் பார்த்த அதிர்ச்சியிலேயே விலகிவிட்டார்.

அப்புறம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட 2019 ஜூனில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அலுகோசு பதவிக்குப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: நல்லொழுக்கமும் மனவுறுதியும் வேண்டுமாம். நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது. சரி, அத்தனை கண்டிப்பானவர் பதவி முடியும் தறுவாயில் என்ன செய்தார்? இளம்பெண் ஒருவரைக் கொன்றதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். அந்த மன்னிப்பு செல்லாது என்று 2024-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கயிறும் மன்னிப்பும் ஒரே பேனாவில் இருக்கின்றன. 2022-இல் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தாம் கையெழுத்திடப் போவதில்லை என்று, அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபர் மூலம் நீதிமன்றத்துக்குச் சொன்னார். அது அவர் கொடுத்த வாக்கு. அவருக்குப் பின் வந்தவரையோ இனி வருபவரையோ அது கட்டுப்படுத்தாது.