கேட்பதற்கு என்ன வெட்கம்?

(வெளிநாட்டுக்குப் படிக்கவும் வேலைக்கும் கிளம்பும் பிள்ளைகளுக்காகவும் பெற்றோருக்காகவும் பாளையங்கோட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும், பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நோட்டீஸில் 'புதிய நாடும் பண்பாட்டு வேறுபாடுகளும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது. வளைகுடாவிலும் ஜெர்மனியிலும் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள் நான். அங்கே நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்ததில் மனதில் தங்கிய ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

களக்காடு பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். நான்குநேரி வருவதற்குள் பக்கத்துச் சீட்டு பெரியம்மைக்கு உங்கள் குடும்பமே அத்துப்படி ஆகியிருக்கும். "எந்த ஊரு தாயி? யாரு மக? மாப்பிள்ள என்ன சோலி பாக்காரு?" இறங்கும்போது உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொல்லி அனுப்புவாள். நாம் எதையும் கேட்கவே வேண்டியதில்லை. ஊரே நம்மைக் கேட்டுவிடும். அதனால் வாய் திறந்து கேட்கும் பழக்கமே நமக்கு வராமல் போய்விட்டது.

அங்கே போனால் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று நாள் நீங்கள் அழுத முகத்தோடு லிஃப்டில் ஏறி இறங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதுதான் அவர் அறிந்த மரியாதை. நீங்களாகப் போய்க் கதவைத் தட்டி, "எனக்கு இது தெரியவில்லை, சொல்லித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். அதே மனிதர் அரை மணி நேரம் நின்று விளக்குவார்.

எங்கள் வார்டுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். வேலையில் கெட்டிக்காரி. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெற பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் அளவுக்கு, மொழித் தேர்ச்சி வேண்டும். அதையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வகுப்பில் படித்த ஜெர்மன் வேறு, காலை ஆறு மணிக்கு நைட் டியூட்டிக்காரி விறுவிறு என்று ஒப்படைக்கும்போது பேசும் ஜெர்மன் வேறு. டாக்டர் மருந்தளவைச் சொல்வார். இவள் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். நமக்கு அது 'சரிங்க'. அவருக்கு அது ஆமாவா இல்லையா என்றே புரியாது. ஒருநாள் அவர் நின்று, "புரிந்ததா, புரியவில்லையா?" என்று கேட்டார். இவள் மறுபடியும் தலையை ஆட்டினாள்!

உண்மையில் அவளுக்குப் பாதி புரியவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்று பயம். பள்ளிக்கூடத்தில் எழுந்து சந்தேகம் கேட்ட பிள்ளையை நாம் எப்படி நடத்தினோம் என்று யோசித்தால், அவளைக் குறை சொல்ல வாய் வராது. ஆஸ்பத்திரியில் மருந்தளவை ஒருவர் சொல்ல, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது ஒரு பாதுகாப்பு முறை. சீனியர் நர்ஸ் ஒருவர் அவளைத் தனியே உட்கார வைத்து, "தலையாட்டாதே, நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்" என்று பழக்கினார். சில வாரத்தில் அவள் ஆளே மாறிவிட்டாள். பிறகு டாக்டரையே நிறுத்தி, "இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்" என்பாள். யாரும் அவளைக் குறைவாக நினைக்கவில்லை. கேட்காமல் தப்பு செய்பவரைத்தான் அங்கே குறைவாக நினைப்பார்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பான விஷயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டால், ஆபீஸில் உங்களை உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முருகேசன் மகள் அங்கே முருகேசன் அம்மையார் ஆகிவிடுவாள். அந்த இடத்தைக் காலியாக விட்டாலும் தொல்லைதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று சொன்னபோது எத்தனை பேர் அலைந்தார்கள்! கிளம்புவதற்கு முன்பே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் நாளே "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பழகிப்போன பிறகு மாற்றுவது கஷ்டம்.

சில விஷயங்களைப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது, அவை சட்டம். பிள்ளையை அடிப்பதை ஸ்வீடன் 1979லேயே தடை செய்தது. உலகத்திலேயே முதல் நாடு அது. ஜெர்மனியில் 2000ல் சட்டம் வந்தது. 'நான் பெத்த பிள்ளை, நான் அடிப்பேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஜெர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடும் மெஷினை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். காலி பாட்டிலைப் பொதுத் தொட்டியில் போடுவதற்குக்கூட ஞாயிறு ஆகாது, கண்ணாடி உடையும் சத்தம் கேட்குமாம். எனக்கே முதலில் இது அதிகப்படியாகத்தான் தோன்றியது. கோயில் கொடை என்றால் விடிய விடிய ஸ்பீக்கர் கேட்டு வளர்ந்த காது அல்லவா.

இப்படி வெளிநாட்டுக்குப் போவது நம் ஊருக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் மக்கள் போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே சிங்கப்பூருக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். மற்ற ஊர் ஆண்கள் தனியாகப் போய் உழைத்துப் பணம் அனுப்பிய காலம் அது. இவர்கள் பெண்டுபிள்ளைகளோடு தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941ல் தங்களுக்கென ஒரு சங்கம், 1946ல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளி 1982வரை நடந்தது. புதிதாகக் கப்பலில் வந்து இறங்குபவருக்கு வழி சொல்ல ஒரு தெருவே இருந்தது.

இன்றைக்கு அப்படி இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, பெயரைச் சரியாகச் சொல்லக்கூட நமக்கு வாய் வராத ஏதோ ஒரு ஊரில், தனி அறையில் இருக்கும். கேட்பதற்கு ஆளை அதுவேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த கிறிஸ்தவ மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901ல் நம் களக்காடு பக்கத்து டோனாவூருக்கு வந்தார். சேலை கட்டினார், தமிழ் படித்தார், பொன்னம்மாள் போன்ற நம் ஊர்ப் பெண்களோடு கூட்டமாகக் கிராமம் கிராமமாகப் போனார். 1951ல் இறக்கும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவருடைய சமயப் பணியைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கலாம், நான் அதற்குள் போகவில்லை. எதை எப்படிச் செய்வது என்று உள்ளூர்ப் பெண்களிடம் கேட்காமல் அந்த வெயிலில் ஒரு வருஷம் ஓட்டியிருக்க முடியாது.

இப்போது பெற்றோருக்கு. புது நாட்டின் பழக்கவழக்கம் பிடிபடாமல் மனசு தடுமாறுவதை 'கல்ச்சர் ஷாக்' என்பார்கள். அந்தப் பேச்சைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர், 1950களில். அதே சமயத்தில், 1955ல், லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்கா போய்த் திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்தார். வந்த புதிதில் நன்றாக இருந்தவர்கள், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம்வரைதான் மிகவும் தடுமாறினார்கள் என்று கண்டார். எல்லோருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் நான் பார்த்த பிள்ளைகளுக்கு ஓரளவு பொருந்தத்தான் செய்தது. முதல் மாதம் பனியைப் பார்த்துப் போட்டோ அனுப்புவார்கள். எட்டாவது மாதம் போனை எடுக்க மாட்டார்கள். நீங்கள் உடனே 'எவனையோ பார்த்துட்டா' என்றோ, 'காசு கண்டதும் மறந்துட்டான்' என்றோ கிளம்பிவிடுவீர்கள்.

அப்போது வீடியோ காலில் பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு மதினி எல்லோரையும் வரிசையாக நிறுத்தாதீர்கள். அத்தனை பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் 'எனக்கு இங்கே முடியவில்லை' என்று சொல்லாது. தனியாகப் பேசுங்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் யாரோடெல்லாம் பேசின?" என்று கேளுங்கள். ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் கவனிக்க வேண்டிய நேரம் அது.

சரி, நீங்கள் கேள்வி எழுதிக் கொடுத்த சீட்டுகள் வந்திருக்கின்றன. முதல் சீட்டில் பெயர் இல்லை. "ஜெர்மனிக்குக் கருவாடும் நெய்யும் கொண்டுபோகலாமா?" இதைக் கேட்கவா பெயரை மறைத்தீர்கள்! ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய் பால் பொருள், ஆகவே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மீனுக்கு இருபது கிலோவரை விதிவிலக்கு உண்டு, அதனால் கருவாட்டுக்குத் தடையில்லை. கறிவேப்பிலைக் கொத்துக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதை விட்டுவிடலாம். கருவாட்டைப் பொரிப்பதற்கு முன்னால் மட்டும், எந்த ஜன்னலைத் திறந்துவைத்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று மாடி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடுத்த சீட்டு?